எட்டு எண்ணிக்கையில் ஒரு சண்டை

— தொடாதன்னா தொடாத! ஷிஜி மிஸ், இவ எனக்க கையத் தொடுகா!

— நான் எங்கட்டி தொட்டேன்? காத்துப் பட்டிருக்கும். காத்துக்கும் இனிமே ரெனிஷா மகாராணிகிட்ட மனு போடணுமா?

— அஜிதா, வாய். ரெனிஷா, கை. ரெண்டையும் கொஞ்சம் அடக்குங்க மக்களே. இது கண்ணாடி ஆட்டம். ஒருத்தி ஆளு, ஒருத்தி கண்ணாடி. ஆளு கையத் தூக்கினா கண்ணாடியும் தூக்கணும். நடுவுல ஒரு முழம் இடைவெளி. தொடவும் கூடாது, பேசவும் கூடாது.

— பேசாம இருந்தா இந்த அஜிதாவுக்கு மூச்சு முட்டிரும் மிஸ். எனக்கு வேற ஆளத் தாங்க. பஸ் கண்ணாடிய உடைச்ச அந்த அபிலாஷைத் தந்தாலும் சம்மதம்.

— அபிலாஷுக்கு சிஜின் ஜோடி.

— எந்த சிஜின்? மண்டைக்காட்டுக்காரனா? பி.டி. சாரக் கடிச்சவனா? அப்பம் அவனத் தாங்க. கடிச்சா திருப்பிக் கடிக்கலாம். இவகூட நின்னா நான் என்ன செய்ய? இவளுக்க நெத்தியில அந்தத் தையலப் பாத்தாலே எனக்கு வெப்ராளமா, பத்திக்கிட்டு வருது.

— தையல் என் நெத்தியில, வெப்ராளம் உனக்கா? நல்லாயிருக்கே கதை!

— பின்ன? நெய்யூர் ஆஸ்பத்திரியில உனக்கு ரெண்டு தையல் போட்டாவ, எல்லாவரும் வந்து பாத்தாவ. நீ குடையால எனக்க முதுகில சாத்தினதுக்கு நான் எங்க போய்த் தையல் போட?

— குடைதான்ட்டி உடைஞ்சுது. உன் முதுகுக்கு ஒண்ணும் ஆகல்ல.

— கேட்டியளா மிஸ்? கேட்டியளா இவ பேச்ச?

— கேட்டேன், கேட்டேன். ரெனிஷா, உங்க காலேஜு பிரின்ஸிபால் எனக்கு எழுதின கடுதாசியில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும் இல்லியா?

— ஓர்மையிருக்கு மிஸ். ஓடுற பஸ்ஸில கூடப் படிக்க பிள்ளைக்க சடையப் பிடிச்சு இழுத்து, தலையக் கம்பியில இடிச்சுட்டேன். அதுக்கு எட்டு சனிக்கிழமை இந்தப் பேக்கரி மாடியில உங்ககிட்ட வந்து ஆடணும். நீங்க நல்ல ரிப்போர்ட்டு எழுதணும். இல்லேன்னா டி.சி.யக் கையில தந்து வீட்டுக்கு அனுப்பீருவாவ. அம்மைக்குப் படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சா.

— எதுக்குச் சிரிச்சாங்க?

— டான்ஸ் ஆடினா கோவம் போகுமான்னு. அவ அண்டியாபீஸில காலையிலேருந்து குத்த வச்சு முந்திரிக்கொட்ட உடைக்கா. அங்க மேஸ்திரிய ஆட விடுங்க, எல்லாவருக்கும் கோவம் போகும்ங்கா.

— அதுவும் நல்ல யோசனைதான். அஜிதா, நீ என்ன சொல்லுத பஸ்ஸில நடந்ததப் பத்தி?

— நானா? மிஸ், கண்ணாடி ஆட்டம்னீங்க. நேரம் போகுது. நான் ஆளா, கண்ணாடியா?

— அவகிட்ட என்ன கேக்க மிஸ்? அடிச்சது நான்தான். இல்லேன்னு நான் சொல்லல்லியே. குடைக்கு இவளுக்கும் எட்டு வாரம் போட்டாவ பாருங்க, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.

— கையத் தூக்குட்டி ரெனிஷா. நான் கண்ணாடி.

*

— இன்னைக்கு மூணாவது வாரம். கோவம் வந்தா முதல்ல உடம்புல எங்க தெரியும்? வாயால சொல்லக் கூடாது, செஞ்சு காட்டணும். ரெனிஷா?

— இந்தா மிஸ். தோள் ரெண்டும் மேல போகும். தாடை இறுகும். பெறவு கால் தானா முன்னால போகும்.

— வாயால சொல்லிட்டியே.

— செஞ்சும் காட்டினேம்லா!

— சரி. அஜிதா?

— எனக்குக் கோவமே வராது மிஸ்.

— ரெனிஷா, சிரிக்காத.

— சிரிக்கல்ல மிஸ், இருமுகேன்.

— கோவம் வராதவ அன்னைக்குக் குடைய எதுக்கு எடுத்தா?

— மழை வரும்னு.

— அஜிதா...

— சரி மிஸ். எனக்கு இங்க, கழுத்துல. நரம்பு விறைக்கும். ஒரு புருவம் மட்டும் மேல போகும். அப்புறம் வாய் தானா திறக்கும்.

— நல்லது. இப்ப ரெண்டு பேரும் மாத்திக்கிடுங்க. ரெனிஷாவோட கோவத்த அஜிதா போட்டுக்கிடணும், அஜிதாவோடத ரெனிஷா. போட்டுக்கிட்டு இந்தச் சுவருல இருந்து அந்தச் சுவரு வரைக்கும் நடந்து காட்டணும்.

— ஐயோ மிஸ், இது எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு! இங்க பாருட்டி அஜிதா. புருவம் மேல. கழுத்து நீளம். ஒரு கை இடுப்புல. ‘எல்லாரும் ஒதுங்குங்க, ஜே.சி.பி. வருது! தரை இடியப் போகுது!’

— நான் இப்படி நடக்க மாட்டேன்.

— நடப்ப. ஃபஸ்ட் பெஞ்சிலேருந்து லேபுக்கு இப்படித்தான் போவ. எனக்கு ஜே.சி.பி.ன்னு பேரு வச்சது நீதானே? ஒரே வாரத்துல காலேஜு முழுக்க அந்தப் பேரு. கேன்டீன்கார அண்ணனே ‘ஜே.சி.பி.க்கு ஒரு சாயா’ன்னு சத்தம் போடுகாரு.

— தெரியும்.

— தெரியும்னா?

— தெரியும்னா தெரியும். இப்ப நான் உன் கோவத்தப் போடணும், பேசாம இரு. தோள் மேல. தாடை... அடேயப்பா! மிஸ், பல்லெல்லாம் வலிக்குது. நாள் முழுக்க இவ இப்படியேவா இருக்கா?

— அவகிட்டயே கேளு.

— ஏட்டி ரெனிஷா, பல்லு வலிக்காதா உனக்கு?

— வலிக்கும். காலையில எழும்பினா வலிக்கும். ஒறக்கத்துலயும் கடிச்சுக்கிட்டுதான் கிடப்பேன்னு அம்மை சொல்லுவா.

— எதுக்கு அப்படி?

— ஆருக்குத் தெரியும்? நான் ஒருத்தரையும் ஒண்ணும் சொல்லாம நடந்து போனாலும் ஆளுவ ஒதுங்குகாவ. ஒதுங்கினா எனக்குக் கோவம் வருது. கோவத்தப் பாத்துட்டு இன்னும் ஒதுங்குகாவ. இதில பல்லு வலியப் பத்தி ஆரு யோசிக்கா?

— மக்களே, நடை எங்க? ரெண்டு பேரும் நின்னுட்டீங்களே.

— நடக்கோம் மிஸ். அஜிதா, தோள இன்னும் கொஞ்சம் தூக்குட்டி. நான் அவ்வளவு சின்ன ஆளொண்ணும் இல்ல.

*

— கருங்கல் பஸ் வந்துட்டு. ஏறுட்டி அஜிதா. படிக்கிட்ட நில்லு, காத்து வரும்.

— நான் படிக்கிட்ட நிக்க மாட்டேன். உள்ள வா.

— இது என்ன புதுசா? நீ எப்பவும் படியில நின்னு செல்போனப் பாத்துக்கிட்டே வாறவதானே?

— இப்ப இல்ல. உள்ள வான்னா வா ரெனிஷா.

— வாறேன், வாறேன். எதுக்கு எனக்க மேல சாடுக? இந்தா, ரெண்டு பேரு இருக்கலாம். இங்க இரு.

— அஞ்சு வாரமா ஒரே பஸ்ஸில வாறோம். இன்னைக்குத்தான் பக்கத்துல இருக்கச் சொல்லுத.

— வேற இடம் இல்லட்டி. பெருசா எடுக்காத.

— ஏத்தங்காய் சிப்ஸ் வேணுமா? வடசேரியில வாங்கினது. சூடா இருக்கு.

— அந்தப் பொட்டலத்த இங்க தா. உனக்க கையில இருந்தா நாலு நாலாத் தருவ.

— ரெனிஷா, அங்க பாரு. அந்த ஆளு உன் காலை மிதிச்சிக்கிட்டு நிக்காரு.

— தெரியும்.

— ஒண்ணும் சொல்லல்லியா?

— எண்ணிக்கிட்டிருக்கேன். பேச்சுக் குடுக்காத, விட்டுப் போகும். நாலு. குதிகால நல்லா அழுத்தணும், மூச்ச அடிவயித்துக்கு விடணும்னு மிஸ் சொன்னாவல்லா. அஞ்சு.

— எட்டு வந்தா?

— எட்டு ஆன பெறவும் கோவம் இருந்தா வாயால சொல்லணும். ஆறு. ஏழு. எட்டு. அண்ணே, ஒங்க காலு எனக்க கால் மேல நிக்கு.

— எடுத்துட்டாரு!

— எடுத்துட்டாரு! ‘பாக்கல்ல மக்களே, மன்னிச்சிரு’ன்னும் சொல்லிட்டாரு! ஏட்டி அஜிதா, எனக்க கிட்ட ஒருத்தரும் இந்த மாதிரி சொன்னதில்ல.

— நீ சொல்ல நேரம் குடுத்தாத்தானே?

— அதும் சரிதான். அடிச்சுப் போட்டா எங்க சொல்லுவாவ? இன்னைக்கே மிஸ்ஸுக்குப் போன் போட்டுச் சொல்லணும். ரிப்போர்ட்டுல எழுதட்டும்.

— நல்ல ரிப்போர்ட்டுதான் எழுதுவாங்க.

— எழுதல்லேன்னா? டி.சி. வாங்கிட்டு வந்தா மறுநாளே அம்மை என்ன அண்டியாபீஸுக்குக் கூட்டிட்டுப் போயிருவா. முந்திரிக்கொட்ட எண்ணெ பட்டா கைத்தொலி கறுத்துப் போகும், தெரியுமா? அம்மைக்க கைரேகை ரேஷன்கடை மெசினுல விழாது. எனக்க கை அப்படி ஆகக் கூடாதுன்னுதான் என்னப் படிக்க வைக்கா. நானோ அந்தக் கைய வச்சு ஊர அடிச்சுக்கிட்டு நடக்கேன்.

— ரெனிஷா...

— என்னட்டி?

— ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— சிப்ஸ் தீந்துட்டு.

— அதுக்கா இப்படி மூஞ்சிய வச்சிருக்க? தீரட்டும். அடுத்த வாரம் நான் வாங்குகேன்.

— நான் இறங்குதேன். என் ஸ்டாப்பு வந்துட்டு.

— இது நெய்யூர் இல்லட்டி, இரணியல்!

— தெரியும். நடந்து போறேன்.

*

— இன்னைக்குக் கடைசி வாரம், எட்டாவது சனிக்கிழமை. ரெனிஷா, அஜிதா, ரெண்டு பேரும் நடுவுக்கு வாங்க. மத்தவங்க சுவரோரமா உக்காந்துக்கிடுங்க. அன்னைக்குப் பஸ்ஸில நடந்த சண்டைய இப்ப அப்படியே ஆடணும். ஆனா பைய. இடுப்பளவு தண்ணிக்குள்ள நடக்க மாதிரி. நான் எண்ணுவேன். ஒரு எண்ணுக்கு ஒரு அசைவு.

— வேண்டாம் மிஸ்.

— ஏன் அஜிதா? பயமா இருக்கா?

— பயமெல்லாம் இல்ல. முடிஞ்சு போனத எதுக்கு மறுபடியும்...

— ஆடலாம்ட்டி அஜிதா. பைய அடிச்சா வலிக்கவா போகுது? மிஸ், நான் ரெடி. இந்த நாற்காலிதான் கம்பி. இது பஸ்ஸுக்க வாசல். இவ இங்க படியில நிக்கா, வெளிய பாத்துக்கிட்டு. நான் இவளுக்குப் பின்னால, உள்ள நிக்கேன்.

— அப்ப உன் மனசுல என்ன இருந்துது ரெனிஷா?

— கொதிச்சுக்கிட்டு நின்னேன் மிஸ். பஸ்ஸில ஏறும்போதுதான் எனக்குக் கேக்கும்படியா ‘ஜே.சி.பி. ஏறிட்டு, டயர் பாத்துக்கோங்க’ன்னா. இவளுக்க சடை எனக்க மூக்குக்கு முன்னால ஆடிக்கிட்டே இருந்துது. பிடிச்சு ஒரு இழு இழுத்தா என்னன்னு நெனச்சேன். நெனச்சது நெசம்.

— சரி. ஒண்ணு. பஸ் எங்க போகுது?

— இரணியல் வளைவு. ஒரு நாய் குறுக்க சாடிச்சு. டிரைவர் வலத்தப் பாத்து ஒரே ஒடியா ஒடிச்சாரு.

— வலத்த ஒடிச்சா நிக்கவங்க எந்தப் பக்கம் சாய்வாங்க? சாயுங்க. பைய. ரெண்டு.

— எடத்த மிஸ். வாசல் பக்கம்.

— அஜிதா, நீயும் சாயணும். உன் கையில என்ன இருக்கு?

— செல்லு.

— இன்னொரு கையில?

— பை.

— கம்பிய எந்தக் கை பிடிச்சிருக்கு?

— ஒண்ணும் பிடிக்கல்ல மிஸ்.

— மூணு. ரெனிஷா, இப்ப உன் கை சடைக்குப் போகுது. பைய... பிடி. நில்லு! அப்படியே நில்லு. ரெண்டு பேரும் அசையக் கூடாது. ரெனிஷா, உன் எடை எந்தக் காலுல இருக்கு?

— பின்காலுல. குதிகாலுல நிக்கேன்.

— இன்னொரு கை?

— கம்பிய முறுக்கிப் பிடிச்சிருக்கு.

— அடிக்கப் போகும்போது உன் உடம்பு எப்படி இருக்கும்?

— தோள் மேல போகும். தாடை இறுகும். கால் முன்னால போகும்.

— இப்ப எப்படி இருக்கு?

— தோள் கீழ கிடக்கு. வாய் திறந்திருக்கு. கால்... மிஸ், நான் தப்பா ஆடுகேன் போலிருக்கு. ஒண்ணுலேருந்து ஆடட்டா?

— ஆடு.

— ஒண்ணு. ரெண்டு, இவ சாயுகா. மூணு... திருப்பியும் கால் பின்னாலதான் போகுது மிஸ்! இது என்னது?

— வேணும்னே காலை முன்னால வச்சு இழுத்துப் பாரு.

— வச்சா... வச்சா நானும் இவளும் சேந்துல்லா ரோட்டுல கிடப்போம்.

— அஜிதா, அவ சடையப் பிடிக்கல்லேன்னா நாலாவது எண்ணுக்கு நீ எங்க இருப்ப?

— மிஸ்...

— சொல்லு மக்களே.

— வெளிய இருப்பேன். பின்சக்கரத்துக்கிட்ட.

— பொறுட்டி அஜிதா. அப்பம் உனக்க நெத்தி எப்படி இடிச்சுது?

— நீ பிடிச்ச பிடியில நான் அப்படியே சுத்தி உள்ள வந்தேன் ரெனிஷா. வாசக்கம்பியில இடிச்சுது.

— இல்ல, இல்ல. நான் அடிச்சிருப்பேன். நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாவரும் சொன்னாவளே. நான் கொதிச்சுக்கிட்டுதானே நின்னேன்?

— கொதிச்சுக்கிட்டு நின்னவதான்ட்டி என்னப் பிடிச்சது.

— ரெனிஷா, உக்காரு. கொஞ்சம் தண்ணி குடி.

— எனக்குத் தண்ணி வேண்டாம் மிஸ். ரத்தம் வந்துது, அது ஓர்மையிருக்கு. பின்னாலேருந்து ஆரோ ‘ரெனிஷா அடிச்சிட்டா’ன்னு கத்தினாவ. உடனே எனக்க முதுகில குடையடி விழுந்துது. நானும் திருப்பி ரெண்டு குடுத்தேன். பெறவு பிரின்ஸிபால் அடிச்சியான்னு கேட்டப்பம் ஆமான்னுட்டேன். இல்லேன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல மிஸ். அடிக்கது எப்பவும் நான்தானே.

— அஜிதா, உனக்கு இது தெரியுமா?

— தெரியும் மிஸ். அடிபட்ட அந்த நிமிசத்துல தெரியல்ல. தையல் போடும்போது படுத்துக்கிட்டு யோசிச்சேன். என்னப் பிடிச்சு இழுக்கல்லேன்னா நான் இந்தக் கட்டில்ல இருந்திருக்க மாட்டேன்னு அப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள எங்க அப்பா காலேஜுக்குப் போய்ப் புகார் எழுதிக் குடுத்துட்டாரு.

— ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா என்னத்தட்டி வாயில வச்சிருந்த? ஊரு முழுக்கப் பேசுக வாயில்லா அது!

— மத்ததுக்கெல்லாம் வருது, இதுக்கு வரல்ல. உசுரக் காப்பாத்தினவள குடையால அடிச்சேன்னு எந்த வாயால சொல்ல? ஒவ்வொரு வாரமும் இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் பஸ் ஏறுவேன். உன் மூஞ்சியப் பாத்ததும் வேற எதையாவது பேசிருவேன்.

— மிஸ், தோள் மேல போகுது. தாடையும் இறுகுது. கால் முன்னால போகுது. இது அடிதான், ஒரு சந்தேகமும் இல்ல. நான் எண்ணப் போறேன். ஒண்ணு! ரெண்டு! மூணு!

— தரைய மிதிச்சு எண்ணு ரெனிஷா. பலமா மிதி.

— நாலு! அஞ்சு! ஆறு!

— மிஸ், கீழ பேக்கரிக்காரர் கம்பால மேல தட்டுதாரு.

— தட்டட்டும். நீயும் மிதி அஜிதா.

— ஏழு!

— ஏழு!

— எட்டு! யம்மா, மூச்சு வாங்குது. ஏட்டி அஜிதா, எட்டு ஆன பெறவும் கோவம் அப்படியே இருக்கு.

— இருந்தா சொல்லணும்னு மிஸ் சொல்லியிருக்காங்கல்லா. சொல்லு. நான் நிக்கேன்.

— சொல்லுகேன். பிரின்ஸிபால்ட்ட நீயே போய்ச் சொல்லணும். எங்க அம்மைகிட்டயும் வந்து சொல்லணும். அவளுக்க பிள்ளை கையால ஒரு நல்ல காரியமும் நடந்திருக்குன்னு அவ கேக்கணும்.

— சொல்லுதேன். மிஸ், நடந்தத நடந்தபடி ரிப்போர்ட்டுல எழுதுங்க, கீழ நான் கையெழுத்துப் போடுதேன். திங்கக்கிழமை அப்பாவையும் கூட்டிட்டுப் போய் புகார திருப்பி வாங்குதேன். இன்னைக்குச் சாயங்காலமே கருங்கலுக்கு வந்து உங்க அம்மையப் பாக்கேன்.

— எழுதுதேன் மக்களே. ரெனிஷா, இனி டி.சி.யப் பத்தி நீ பயப்படண்டாம்.

— கொள்ளாம், நல்லது. ஆனா மிஸ், இவள என்ன செய்வாவ? இத்தன நாளு மறச்சு வச்சிருந்தான்னு தெரிஞ்சா பிரின்ஸிபால் இவளச் சும்மா விடுவாவளா? ஏட்டி அஜிதா, உனக்குப் போட்ட எட்டு வாரத்துக்கு மேல இன்னும் எத்தன வாரம் போடுவாவளோ?

— எனக்கு ஒரு வாரம்கூட ஒருத்தரும் போடல்ல மக்கா. நானாத்தான் வந்தேன்.